அழைக்கப்படாத நோயாளர்: ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருந்தாய்வுகளில் மொழித் தடை

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழ்வோரில் 27.6 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுவோர் 55 இலட்சத்துக்கும் மேல்; அவர்களில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 95,000. புற்றுநோய் மருந்தாய்வுகளில் ஆங்கிலமல்லாத மொழி பேசுவோரின் பங்கோ அந்த அளவுக்கு ஈடாக இல்லை. அவநம்பிக்கை, பண்பாட்டுத் தயக்கம், குடும்பத்தாரின் அச்சம் என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவையும் உண்டு. ஆனால் ஒருவர் மறுக்க வேண்டுமானால் முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். இவர்களில் பலர் கேட்கப்படாமலே விடுபடுகிறார்கள். அந்த விலக்கல் ஆய்வுத் திட்டத்தின் சேர்க்கை விதியிலும் செலவுக் கணக்கிலும் தொடங்குகிறது என்பது என் வாதம்.

ஆங்கிலம் அறியாதவரைச் சேர்க்காமைக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவார்கள்: நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் அவர் தொலைபேசியில் எப்படிச் சொல்வார்? அக்கறையான கேள்விதான். ஆனால் அதே நோயாளருக்கு, அதே மருத்துவமனையில், இரத்த வெள்ளணுக்களை வீழ்த்தும் கீமோதெரபி வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கப்படுகிறது. அப்போது ஆங்கிலம் தெரியுமா என்பது நிபந்தனையாவதில்லை. உரைபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்கிறார்கள். சிகிச்சைக்குத் தடையாகாத மொழி ஆய்வுக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்?

ஒப்புதல் பெறுவது உண்மையிலேயே கடினமான கட்டம். எந்த மருந்து கிடைக்கும் என்பதை மருத்துவரே தீர்மானிக்கமாட்டார், குலுக்கல் முறையில் அமையும் என்பதைத் தாய்மொழியில் விளக்குவதே எளிதன்று. உடன் வந்த மகனை உரைபெயர்ப்பாளராக்கினால் நிலைமை இன்னும் சிக்கலாகும். அம்மா மனமுடைந்துவிடக் கூடாதென்று அவர் நோயின் பெயரையே சொல்லாமல் விடலாம். அது அன்பு, அவரைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் தன் நோய் இன்னதென்று அறியாதவர் தரும் கையொப்பத்தை ஒப்புதல் என்று ஏற்க முடியாது. பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரும், அவருக்குப் போதிய நேரமும் ஆய்வுத் திட்டத்திலேயே இடம்பெற்றாக வேண்டும்.

இழப்பு நோயாளரோடு நிற்பதில்லை. 2005இல் வெளியான ஐசல் ஆய்வில், நுரையீரல் புற்றுநோயாளர் 1,692 பேரை மொத்தமாகப் பார்த்தபோது ஜெஃபிடினிப் மருந்தால் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆசிய வம்சாவளியினரிடமும் புகைபிடித்தே அறியாதவர்களிடமும் பலன் தெரிந்தது. இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கே மருந்து நன்கு வேலை செய்கிறது என்பதை 2009இல் ஐபாஸ் ஆய்வு உறுதிசெய்தது. கிழக்காசியர்களிடம் அம்மாற்றம் அதிகம். வம்சாவளி ஓர் அடையாளம் மட்டுமே, காரணம் மரபணுவில் இருந்தது. ஆயினும் ஆசியர்கள் சேர்க்கப்படாதிருந்தால் ஐசல் ஆய்வில் அந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

கருவிகள் இல்லை என்ற சாக்கும் நிற்காது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஐரோப்பியக் கியூஎல்கியூ-சி30 வினாநிரல் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆட்களைத் தேர்வதில் நியாயம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் தேசிய நெறிமுறை அறிக்கையும் சொல்கிறது. எனவே நெறிமுறைக் குழுக்கள் இரண்டைக் கட்டாயமாக்க வேண்டும்: மொழிபெயர்ப்புச் செலவை ஆய்வுக்கு நிதியளிப்பவர் தொடக்கத்திலேயே ஒதுக்குவது, தகுதியிருந்தும் மொழி காரணமாக யாரிடம் கேட்கவில்லை என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் பதிவேட்டில் எழுதுவது.