எந்தக் கரையில் இளைப்பாறுவது?

பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் பங்குகளிலும் பக்தசபைகளிலும் ஒரு பேச்சு எழும். இவ்வாண்டு எந்தக் கடற்கரைக்குப் போவது? ஒருவர் வேளாங்கண்ணி என்பார். மற்றொருவர் கன்னியாகுமரி என்பார். இளைஞர் சிலர் கூட்டமில்லாத ஏதோ ஒரு கரையின் பெயரைச் சொல்வர். பேருந்து வாடகையும் தங்கும் விடுதியும் உணவுச் செலவும் கணக்கிடப்படும். அந்தக் கரை எத்தகையது, அங்கு யார் வாழ்கின்றனர், அந்த மாதத்தில் அக்கடலின் குணம் என்ன என்னும் வினாக்கள் எழுவது மட்டும் அரிது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் நமது கடலோரத்தில் மக்கள் இன்பம் நாடிச் சென்ற வரலாற்றைச் சற்றே புரட்டுவோமாயின், கரையைத் தெரிந்தெடுத்த கண்கள் காலந்தோறும் மாறி வந்திருப்பதைக் காணலாம். கடலை நன்கறிந்தவனின் கண்ணைத்தான் பலரும் நாடாமற் போயினர்.

கடற்கரை விடுமுறையைப் பற்றி நம் மொழியில் உள்ள மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று பட்டினப்பாலையில் இருக்கிறது. அதில் விடுமுறை கொண்டாடுவோர் நகரத்துச் செல்வர் அல்லர், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர். முழுநிலா நாளன்று அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகின்றனர். தாழம்பூச் சூடி, உண்டும் குடித்தும் களிக்கின்றனர். நண்டைத் துரத்துகின்றனர், மணலில் பாவை செய்கின்றனர், அலையில் பாய்ந்து ஆடுகின்றனர். பின்னர் உடலில் படிந்த உப்புப் போக ஆற்றுநீரில் குளிக்கின்றனர். கடலில் ஆடியபின் நன்னீர் வேண்டும் என்பதை இன்றைய விடுதி விளம்பரங்களுக்கு ஈராயிரம் ஆண்டு முன்னரே அவர்கள் அறிந்திருந்தனர்! ஆறும் கடலும் கலக்கும் புகாரில் இரண்டும் அருகருகே கிடைத்தன. அவர்கள் தங்களுக்கெனக் கரை தேடி எங்கும் செல்லவில்லை. உழைத்த கரையிலேயே ஒருநாள் ஓய்ந்திருந்தனர்.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது காட்சி மாறுகிறது. இந்திரவிழா முடிந்து நகர மாந்தர் கடலாடச் செல்கின்றனர். கோவலன் கோவேறு கழுதையின் மீதும் மாதவி வண்டியிலும் செல்கின்றனர். இரவின் இருளில் கடற்கரை முழுவதும் விளக்குகள் மின்னுகின்றன. பூவும் சாந்தும் விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன்பிடிக்கும் வலைஞர் விளக்கு, கப்பல்களை அழைக்கும் கலங்கரை விளக்கு என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். மாலை நேரத்தில் மெரினாவைக் கண்டவர்களுக்கு இது புதிய காட்சியன்று. செல்வரோ புன்னை நிழலில் ஓவியத் திரை கட்டித் தங்களுக்கெனத் தனியிடம் அமைத்துக் கொள்கின்றனர். அந்தத் திரைக்குள்தான் கோவலனும் மாதவியும் கானல்வரி பாடி, ஐயுற்று, பிரிகின்றனர். திரைக்கு வெளியே வலைஞரின் விளக்கு எரிந்து கொண்டிருக்கிறது. ஒரே மணலில் ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு விளையாட்டு என்னும் பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது.

பல நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். 1639-இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைக் கரையைத் தெரிந்தெடுத்தார். மலிவான துணி கிடைத்தது என்பது ஒரு காரணம். சாந்தோமில் இருந்த ஒரு பெண்ணின் மீது அவருக்கிருந்த நாட்டம் என்றும் ஒரு கதை உலவுகிறது. அதை அவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுவோம். ஆனால் துறைமுகத்துக்கு அந்தக் கரை சற்றும் ஏற்றதன்று. மறைவில்லாத திறந்த கடல். ஓயாமல் உடையும் அலை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் உள்ளூர்ப் படகோட்டிகளே வெள்ளையரையும் அவர்தம் பெட்டிகளையும் கரை சேர்த்தனர். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் சென்னைக் கரை ஐரோப்பியருக்கு அச்சம் தரும் இடமாகவே இருந்தது.

இதற்கிடையே இங்கிலாந்தில் ஒரு புதுவழக்கம் பிறந்தது. ரிச்சர்டு ரசல் என்னும் மருத்துவர் கடல்நீர் நோய்களைத் தீர்க்கும் என்று 1750-இல் இலத்தீனில் நூல் எழுதினார். பிரைட்டன் என்னும் மீனவ ஊர் நோயாளரும் பிரபுக்களும் மொய்க்கும் இடமாயிற்று. மருந்தாகத் தொடங்கிய கடற்குளியல் பொழுதுபோக்காக மாறியது. கடற்காற்று உடலுக்கு நல்லது என்னும் எண்ணம் ஆட்சியாளரோடு நம் நாட்டுக்கும் வந்தது.

அவ்வாறு வந்த எண்ணத்தின் நினைவுச் சின்னமே மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் அங்கு உலாவும் பாதை அமைத்து, தாம் கண்ட சிசிலித் தீவின் நினைவாக மெரினா என்று பெயரிட்டார். ஆனால் அந்தப் பரந்த மணற்பரப்பு இயற்கை அவருக்காக வைத்திருந்த கொடையன்று. முற்காலத்தில் அலைகள் கோட்டை மதிலுக்கு அருகிலேயே வந்து மோதின. 1875-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாய் நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மணல் குவிந்தது. ஆண்டுக்காண்டு கரை அகன்றது. வடக்கிலோ வரவேண்டிய மணல் வராமற் போகவே, இராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிய கரையைக் கடல் தின்னலாயிற்று. கருங்கல்லைக் கொட்டிக் கடலைத் தடுக்கும் போராட்டம் இன்றும் அங்கு ஓயவில்லை. தெற்கே நாம் கடலை கொறித்தபடி அமரும் மணல், வடக்கே ஒரு மீனவன் இழந்த முற்றம் என்று சொன்னால் அது மிகையாகாது. கடற்கரையைப் பற்றிய நூல்கள் மெரினாவின் நீளத்தைச் சொல்கின்றன; இந்தக் கணக்கைச் சொல்பவை மிகச் சில.

மெரினாவின் மணலில் குடியிருந்த மீனவருக்கும் நெருக்கடி வந்தது. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்துவதற்காக அவர்களுடைய கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. உலாவ வருவோரின் கண்ணுக்கு வலை உறுத்தலாகத் தெரிந்த காலம் அது. இன்றும் அந்தக் கண் முற்றிலும் மாறிவிட்டது என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

மெரினாவுக்குத் தெற்கே எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிறத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1930 டிசம்பரில் பிறரைக் காக்க முயன்று கடலில் மூழ்கி இறந்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட் என்பவருக்காக எழுப்பப்பட்டது அது. நிழலுக்காக அதன் அடியில் ஒதுங்குவோர் பலர். கடலையே தொழிலாகக் கொண்ட ஒரு மாலுமியும் கரையருகே மாண்டான் என்பதை நினைப்போர் சிலர். ஆழத்தைக் கண்டு அஞ்சும் நமக்குக் கரையோர நீரோட்டத்தைக் கண்டு அஞ்சத் தெரியவில்லை. கரையில் வந்து மோதிய நீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குள் திரும்பும் இடத்தில் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றும். நீந்தத் தெரியாதவன் அலைக்கு அஞ்சி அந்த அமைதியான இடத்தையே நாடுகிறான். அங்கு அகப்பட்டவர் கரையை நோக்கி நேராகப் போராடினால் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தைக் கடந்தபின் கரையேற வேண்டும். மறைக்கல்விச் சிறுவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இந்த ஒன்றையேனும் கற்றுக் கொடுக்கலாம்.

இன்னொரு ஆபத்து காற்றே இல்லாமல் வருவது. தொலைதூரத் தென்கடலில் எழும் புயல்களின் அலை, நாட்கள் பல பயணம் செய்து, தெளிந்த வானத்தின்கீழ் திடீரென நம் தென்கரையில் ஏறும். கள்வனைப் போல் வருவதால் மலையாள மீனவர் இதைக் ‘கள்ளக்கடல்’ என்றனர். அறிவியலாரும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டனர். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் கோடை விடுமுறையில்தான் இது வருகிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இவ்வாறு அலையில் சிக்கி இறந்தனர். எச்சரிக்கை முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. பிறர் உயிரைக் காக்கப் படித்தவர்கள். ஐந்து குடும்பங்களின் பல்லாண்டு உழைப்பு. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வெளியூரிலிருந்து வருபவருக்கு அன்றைய கடலின் முகத்தைப் படிக்க யார் கற்றுக் கொடுத்தார்?

ஆளில்லாக் கரையைத் தேடுவது இன்றைய நாட்டம். ஓய்வுக்காகத் தனியிடம் நாடிப் படகேறிய சீடர்களுக்கு முன்னரே மக்கள் கூட்டம் கரைக்கு வந்து சேர்ந்ததாக மாற்கு எழுதுகிறார். மே மாதத்தில் வேளாங்கண்ணிக்குச் செல்வோர் இதை எளிதில் நம்புவர். எனினும் ஆளில்லாத கரையில் கூக்குரல் கேட்டு ஓடிவரவும் ஆளில்லை. படகும் வலையும் கிடக்கும் கரை சற்று மீன் நாற்றம் வீசலாம். அங்கு மூழ்குபவனை மீட்கக் கைகள் இருக்கும்.

மீனவர் தம் ஊருக்கு இடம் தெரிந்தெடுத்த முறையைக் கவனித்தால் எவ்வளவோ விளங்கும். மணப்பாட்டைப் பாருங்கள். கடலுக்குள் நீண்ட மேடு, அதன் மறைவில் படகு ஏற்ற இறக்க வாய்ப்பான கரை, கடலோரக் குகைக்குள்ளேயே நன்னீர்க் கிணறு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகை அது. மேட்டின்மேல் திருச்சிலுவை ஆலயம் 1581 முதல் நிற்கிறது. இராமேசுவரத் தீவிலோ, பாக் நீரிணைப் பக்கத்தைப் ‘பெண்கடல்’ என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ‘ஆண்கடல்’ என்றும் மீனவர் வழங்குவர். ஒன்று பொதுவாக அமைதியானது, மற்றது அலைமிக்கது. ஆயினும் வடகிழக்குப் பருவத்தில் பெண்கடலும் சீறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதை அத்தீவு மறக்கவில்லை. ஆகவே நல்ல கரை எது என்று கேட்டால் மீனவன் மறுவினா தொடுப்பான்: எந்த மாதத்தில்?

2004 டிசம்பர் 26 எந்தக் கணக்குக்கும் அடங்காதது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை. வேளாங்கண்ணியின் கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற திருப்பயணிகளைக் கடல் வாரிக்கொண்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளிப்பட்டன. கடல் அவ்வாறு பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை அன்று அறிந்திருந்தோர் மிகக் குறைவு. கடலூர்ப் பக்கத்தில் அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னே நின்ற ஊர்களில் சேதம் குறைந்திருந்ததை ஆய்வாளர் பின்னர் பதிவு செய்தனர். பார்வைக்குத் தடையென்று தோப்பை வெட்டி எழும் விடுதியில் தங்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அரசும் உலக நிறுவனங்களும் தத்தம் அளவுகோல்களை வைத்துள்ளன. 1991-இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு வந்தது. 2011-இலும் 2019-இலும் அது புதுக்கப்பட்டு, கடைசித் திருத்தத்தில் சில இடங்களில் கட்டுப்பாடு தளர்ந்தது. பிரான்சில் 1985-இல் பிறந்த நீலக்கொடிச் சான்றை, சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் 2021-இல் பெற்றது. தூய நீர், கழிப்பறை, உயிர்காப்போர் ஆகியவற்றைப் பார்த்து அளிக்கப்படும் சான்று அது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் கரையில் வாழ்வோர் அந்தக் கரையில் தொடர்ந்து வாழ இயல்கிறதா என்பதையும் அளவுகோலில் சேர்த்திருந்தால் நாம் மேலும் மகிழ்ந்திருப்போம்.

பட்டினப்பாலைப் பரதவரின் முழுநிலா நாள் மறைந்தாலும், நம் கத்தோலிக்கக் கடலோர ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத வழக்கம் நிலைத்திருக்கிறது. அன்று கரையில் படகுகள் வரிசையாய்க் கிடக்கும். திருப்பலி முடிந்து ஆண்கள் மணலில் அமர்ந்திருப்பர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதுவே நமது கோடை விடுமுறைக் காலமும். மரக்கலங்கள் கரையேறி நிற்க, வலை பின்னுவோரும் பலகை மாற்றுவோரும் நிழலில் இருப்பர். இன்று கடல் எப்படி ஐயா, பிள்ளைகள் எந்த இடத்தில் இறங்கலாம் என்று கேட்டால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு எழுந்து வந்து காட்டுவர்.