மும்பை வீடுகளில் எலக்ட்ரானிக்ஸ் மேசை

மும்பையில் வீட்டு எலக்ட்ரானிக்ஸ் வேலை வானொலியோடு பிறந்தது. 1923 ஜூனில் பம்பாய் ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பும் ஒலிபரப்பில் இறங்கியது. 1927 ஜூலை 23 அன்று இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் பம்பாய் நிலையம் திறக்கப்பட்டது. வால்வு ரேடியோ வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஆர்வமுள்ளவர் கையால் செய்துகொள்ளக்கூடியது கிரிஸ்டல் செட். கம்பிச்சுருள், காலேனாத் துண்டு, அதன்மேல் மெல்லத் தொடும் ஊசிக்கம்பி, ஹெட்போன், மாடியில் ஏரியல், தரையில் எர்த், இவ்வளவு போதும். அதற்கு மின் இணைப்போ பேட்டரியோ தேவையில்லை. நிலையத்திலிருந்து வந்து சேரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாகக் கேட்டது.

சட்டம் இந்தப் பொழுதுபோக்கைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவியை வீட்டில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. ஆனால் அவர்கள் கற்ற வித்தையைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் தொடங்கிய தலைமறைவு காங்கிரஸ் ரேடியோவுக்கு, நரிமன் பிரிண்டர் என்ற அமெச்சூரின் கைத்திறன் பயன்பட்டது. கருவிகள் கிடைக்க உதவியவர்களில் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானேயும் ஒருவர். காவல்துறைக்குப் பிடிகொடுக்காமல் இடம் மாற்றி மாற்றி இயங்கிய அந்த நிலையம், நவம்பர் 12 அன்று சிக்கியது. வீட்டு மேசையில் பழகிய தொழில் விடுதலைப் போராட்டத்துக்குக் குரல் கொடுத்த அந்த மாதங்கள், இந்திய எலக்ட்ரானிக்ஸ் வரலாற்றில் இன்னும் பெரிய இடம் பெறத் தகுந்தவை.

போருக்குப் பின் ராணுவம் கழித்த வானொலிக் கருவிகள் டிஸ்போசல் சரக்காகச் சந்தைக்கு வந்தன. வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர் எல்லாம் அவற்றைப் பிரித்தால் கிடைத்தன. ஆனால் வால்வுச் சுற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இந்த ஆபத்துதான் மேசையின் ஒழுங்கை உருவாக்கியது. காலடியில் ரப்பர் விரிப்பு போடுவதும், ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் சோதிப்பதும் அப்போது வேரூன்றிய பழக்கங்கள். சீரிஸ் லேம்ப்பும் அப்படித்தான் வந்தது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைப் பழுதான கருவிக்கு வரிசையில் இணைத்து மின்சாரம் கொடுப்பார்கள். கருவிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். உள்ளே எதுவும் கருகாது. சுமை இயல்பாக இருந்தால் மங்கலாக எரியும். சில ரூபாயில் செய்துகொள்ளக்கூடிய இந்தப் பலகையை இன்றைய மெக்கானிக்குகளும் கைவிடவில்லை. பழுதுபார்க்கப் பழகும் எவருக்கும் இதைவிடச் சிறந்த முதல் கருவி இல்லை.

நகரத்தின் கிழக்கு ஓரத்தில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1954-ல் ட்ராம்பேயில் அணுசக்தி நிலையம் உருவானது. 1956 ஆகஸ்ட் 4 அன்று அங்கே அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. அந்த வளாகத்தில் ஏ. எஸ். ராவ் தலைமையில் வளர்ந்த எலக்ட்ரானிக்ஸ் பிரிவிலிருந்துதான் 1967-ல் ஐதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம் பிறந்தது. அளவுக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்குவதைவிட இங்கேயே செய்ய வேண்டும் என்ற, அந்த நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவின் பிடிவாதம், செம்பூர்ப் பக்கத்தில் சால்டரிங் தெரிந்த ஒரு தலைமுறையையே உருவாக்கியது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது.

டிரான்சிஸ்டர் வந்ததும் மேசையின் தன்மையே மாறியது. 6 வோல்ட், 9 வோல்ட்டில் வேலை முடிந்துவிடுவதால் பள்ளிப் பிள்ளைகளும் துணிந்து தொட்டார்கள். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் 1960-களில் டிரான்சிஸ்டர்களை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. அதனால் இந்தியத் தொடக்கநிலைச் சுற்றுகளில் பிசி148, எஸ்எல்100, எஸ்கே100 போன்ற எண்களே திரும்பத் திரும்ப வரும். வெளிநாட்டுப் புத்தகத்தில் வேறொரு எண் இருந்தால், இங்கே கிடைக்கும் ஈடான பாகத்தைத் தேடுவதே பாதி வேலை. 1969-ல் டெல்லியிலிருந்து வரத் தொடங்கிய எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ இதழ், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே சுற்றுகளை அச்சிட்டது. அந்தத் தொண்டின் மதிப்பு அப்போது படித்தவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

பாகங்கள் கிடைத்த இடம் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லாமிங்டன் ரோடு. 1903 முதல் 1907 வரை பம்பாய் ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. டாக்டர் பட்கம்கர் மார்க் எனப் பெயர் மாறிய பிறகும் வாங்குபவர் வாயில் பழைய பெயரே நிற்கிறது. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, மும்பைக்கு அந்தத் தெரு அப்படி.

தொடக்கக்காரர் முதலில் செய்தது பெரும்பாலும் பேட்டரி எலிமினேட்டர். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, டயோடு நான்கு, 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று, பிற்காலத்தில் கூடவே ஒரு 7805 ஐசி. இவற்றால் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் 5 வோல்ட் நேர்மின்னோட்டம் ஆகிவிடும். ஒற்றை அறை வீட்டில் இதற்கென்று தனி மேசை கிடையாது. ஒரு தகரப் பெட்டிக்குள் சால்டரிங் ராடு, லெட், பேஸ்ட், கட்டர், நோஸ் பிளையர், டெஸ்டர் எல்லாம் அடங்கிவிடும். பெட்டியைத் திறந்தால் பட்டறை, மூடினால் பாய் விரிக்க இடம். மல்டிமீட்டர் விலை அதிகம் என்பதால் பெட்டிக்குள் கடைசியாக வந்து சேர்ந்த பொருள் அதுதான். காங்கிரஸ் ரேடியோ நாளில் பேர்பெற்ற மோட்வானே குடும்பத்தின் பெயர் தாங்கிய முள் மீட்டர்கள் இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கின.

1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்க்குத் தொலைக்காட்சி வந்தது. 1980-களில் உதிரியாக விற்ற டிவி கிட்டுகளைப் பூட்டிப் பழகியவர்கள் பலர் அதையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள். 1991-ன் தாராளமயமும் 1997-ன் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தமும் இறக்குமதித் தடைகளைத் தளர்த்தின; பாகங்களின் பஞ்சம் தீர்ந்தது.

நவி மும்பையின் நெருள் இந்தக் கதைக்குள் வருவது அப்போதுதான். 1970-ல் அமைக்கப்பட்ட நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ, அந்தப் புதிய நகரத்தின் பகுதிகளில் ஒன்றாக அதைத் திட்டமிட்டது. 1992-ல் வாஷிக்கும் 1993-ல் நெருளுக்கும் மின்ரயில் வந்தபின் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் பலர் கழிமுகம் தாண்டிக் குடியேறினார்கள். 1932-ல் மாட்டுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 2002-ல் நெருளில் பொறியியல் கல்லூரி திறந்தது. பாகம் வாங்க மட்டும் குர்லாவில் ஒரு முறை, தாதரில் ஒரு முறை ரயில் மாறிக் கிராண்ட் ரோடு போக வேண்டியிருந்தது. இணையக் கடைகள் வந்த பிறகு அந்தப் பயணமும் குறைந்தது. 2005-ல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ பலகை வந்ததும், சால்டரிங் ராடைத் தொடாமலே பிரெட்போர்டில் கம்பி செருகிப் பாடத்தைத் தொடங்க முடிந்தது.

ஆயினும் நெருள் அடுக்ககத்தில் இன்று அமையும் மேசைக்கு அடிப்படை பழையதுதான். 25 வாட் ராடு, அதை வைக்க ஒரு ஸ்டாண்டு, ஈரப் பஞ்சு, 60-க்கு 40 என வெள்ளீயமும் காரீயமும் கலந்த லெட், டிஜிட்டல் மல்டிமீட்டர், எர்த் உள்ள மூன்று பின் பிளக் ஆகியவை முதலில் வேண்டும். மேசையை ஜன்னல் ஓரம் போடுவது அவசியம். பேஸ்ட் புகை மூச்சுக்கு ஆகாது. காரீயம் படுவதால் வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும். சமையல் மேடையில் சால்டரிங் செய்யவே கூடாது. வீட்டு இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருப்பது உயிர்க் காப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்கரை ஈரத்தில் பாகங்களின் கால்கள் கறுத்துப் போகும். இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் அவை தப்பும். வீணான பலகைகளைக் குப்பையில் போடுவதும் பழைய சாமான் வியாபாரியிடம் தருவதும் தவறு. மின்னணுக் கழிவுக்கு 2012 மே முதலே தனி விதிகள் நடைமுறையில் உள்ளன; அந்தப் பலகைகளை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும்.