பத்துக் கோழியும் ஐயாயிரம் கோழியும்

கல்லூரி நாட்களில் நாமக்கல் வழியாக பஸ்ஸில் வந்து போனவர்கள் நம்மில் பலர். ஆஞ்சநேயர் கோவில், லாரிப் பட்டறைகள், முட்டை வண்டிகள் எல்லாம் நினைவிருக்கும். அந்த முட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

என் அம்மிச்சி பத்து நாட்டுக்கோழி வளர்த்தார். குப்பையைக் கிளறித் தின்னும். வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை வைக்கும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி!

இந்த மானாவாரி பூமி முட்டைப் பிரதேசமானதற்குப் பல காரணங்கள். தடுப்பூசி வந்தது. வருஷத்துக்கு 300 முட்டை இடும் வெள்ளை லெகார்ன் ரகங்கள் வந்தன. ஏற்றிச் செல்ல லாரிகள் ஊரிலேயே இருந்தன. 1985-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் விலை வியாபாரிகள் கையில் இருந்தது. 1982-ல் டாக்டர் பி.வி.ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியபின், பண்ணையாளர்களே விலையை அறிவித்தனர். அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010-ல் வாரம் ஐந்து. நிரந்தரமாக வாங்க ஆள் கிடைத்தாயிற்று.

இதைப் பார்த்துத்தான் என் மாமாவும் ஐயாயிரம் கோழிக்கு ஷெட் போட்டார். கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் என்றால் மொத்தம் 550 கிலோ! சுமார் 4,000 முட்டை. விலை பத்து பைசா இறங்கினால் அன்றைக்கு 400 ரூபாய் போச்சு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டார்கள். நம்ம ஊரில் நோயே இல்லை. விலை மட்டும் விழுந்தது. மில் என்றால் ஓட்டத்தை நிறுத்தலாம், கோழியின் வாயை நிறுத்த முடியுமா? பெரிய பண்ணைகள் தாக்குப்பிடித்தன. மாமா ஷெட்டை மூடினார்.

அம்மிச்சி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "பத்துக் கோழி இருந்தப்ப முட்டைக் காசு என் முந்தானைல இருந்துச்சு கண்ணு. ஐயாயிரம் வந்ததும் காசு பேங்குக்கும் தீவனக் கடைக்கும் போயிருச்சு."

படிக்கும் தம்பி தங்கைகளே, பத்தை ஐயாயிரமாக்கும் வித்தை நமக்குத் தெரியும். விலை விழுகிற மாதத்தில் சின்னப் பண்ணைக்காரர் மூடாமல் இருக்க வழி என்ன? உங்கள் புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. விடை கிடைத்தால் முதலில் என் மாமாவிடம் சொல்லுங்கள். ஷெட் இன்னும் அப்படியேதான் நிற்கிறது.