29,000 கன அடியும் வாசற்படியும்: மந்தைவெளி இல்லங்களின் வெள்ள ஆயத்தம் குறித்து ஒரு மறுப்பு

புயலையும் வெள்ளத்தையும் எதிர்கொள்ள நம் குடும்பங்கள் எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கின்றன என்பதை அளந்தறிய முற்பட்ட ஆய்வுகள், கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சிற்றூர்களில் நிகழ்ந்தவையாயினும் சென்னையின் ஆற்றங்கரைப் பேட்டைகளில் நிகழ்ந்தவையாயினும், ஏறக்குறைய ஒரே வினாத்தாளைக் கையிலேந்தி நடந்திருக்கின்றன: டார்ச் விளக்கு இருக்கிறதா, மூன்று நாளைக்குக் குடிநீர் சேமிப்பு உண்டா, முதலுதவிப் பெட்டி, காப்பீடு, பத்திரங்களுக்கு நீர் புகாத உறை ஆகியவை உண்டா என்று கேட்டு, 'உண்டு' என்ற விடைகளை எண்ணிக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த வீட்டை விழிப்புணர்வு குறைந்த வீடென்று தீர்ப்பளிப்பது இம்மரபின் வழக்கம். அவ்வழக்கத்தின் சிரத்தையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், ஆயத்தம் என்பதைப் பொருள்களின் தொகையாகவும் கிருகஸ்தனின் குணமாகவும் கொள்ளும் அதன் அடிப்படைச் சித்தாந்தம் பிழையானது என்பதே என் துணிபு. ஒரு வீடு எப்பொழுது எதைச் செய்யவேண்டும் என்பது அவ்வீட்டை வந்தடையும் எச்சரிக்கையின் வடிவத்தைப் பொறுத்தது. அவ்வடிவம் வாசற்படியின் உயரத்தோடு ஒப்பிட முடியாததாக இருக்குமாயின், எத்தனை டார்ச் விளக்குகள் அலமாரியில் இருந்தும் அவ்வீடு ஆயத்தமற்றதே.

இதை நிறுவ 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் நேர்ந்த வெள்ளத்தின் அனுபவத்தையும், அன்று நம் காதில் விழுந்ததும் இன்றளவும் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் விழுந்துகொண்டிருப்பதுமான அந்த அறிவிப்பு வாக்கியத்தையும் பிரமாணமாக எடுத்துக்கொள்கிறேன். சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறினும் அதன் அச்சு மாறுவதில்லை: இன்ன ஏரியிலிருந்து நொடிக்கு இத்தனை கன அடி உபரிநீர் திறக்கப்படுகிறது, ஆகவே கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவேண்டும். வெள்ள ஆய்வாளர் பலரும் இவ்வாக்கியத்தை நிறைவான எச்சரிக்கை என்றே கொண்டு, அதைக் கேட்டும் நகராதிருந்தவரை அலட்சியக்காரர் என்கின்றனர். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன்: இது மதகைத் திறக்கும் பொறியாளர் ஆற்றங்கரைப் பொறியாளருக்குச் சொல்லவேண்டிய செய்தி; குடும்பத்துக்குச் சொல்லப்பட்டதாக அதில் இருப்பது கடைசியில் வரும் ஏவல் வினை ஒன்றே.

முதலில் கன அடியைப் பார்ப்போம். அன்று படிப்படியாக உயர்த்தப்பட்ட செம்பரம்பாக்கம் ஏரியின் திறப்பு 29,000 கன அடியை எட்டியது. நொடிக்கு ஏறத்தாழ 8.2 லட்சம் லிட்டர் என்று அதைப் பெயர்த்துச் சொன்னாலும், மந்தைவெளியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு சம்சாரிக்கு அதனால் விளங்குவது 'நிறைய' என்ற ஒன்றுதான். அந்நீர் தம் தெருவில் கணுக்கால் அளவு நிற்குமா, ஜன்னல் விளிம்பைத் தொடுமா என்பதை அவர் எந்தக் கணிதத்தாலும் பெறமுடியாது. பெறமுடியாததற்குக் காரணம் அவருடைய கல்விக் குறைவன்று. ஏரியிலிருந்து வருவது அடையாற்றின் நீரில் ஒரு பகுதியே. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பிரதேசங்களில் பெய்த மழை மதகு எதையும் கேளாமல் நேரே ஆற்றில் இறங்கியது. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தன. திருநீர்மலை அருகே ஏரியின் உபரிநீர் வந்து சேரும்பொழுதே ஆறு நிறைந்திருந்ததாகையால், ஏரியின் எண்ணை மட்டும் அறிந்தவன் சைதாப்பேட்டைப் பாலத்தடியில் ஓடிய நீரை அறிந்தவனாகான். அறிவிப்பு மெய்யே சொல்லிற்று. ஆனால் கேட்பவனுக்கு வேண்டிய மெய் அதுவன்று.

'தாழ்வான பகுதி' என்பதில்தான் இவ்வாக்கியத்தின் குறை முழுதும் வெளிப்படுகிறது. மந்தைவெளியின் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். தெற்கே, ராஜா அண்ணாமலைபுரத்துக்கு அப்பால், அடையாறு. கிழக்கே பட்டினப்பாக்கமும் கடலும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இக்கால்வாய்ப் பகுதி 1877-78-இல், தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக, பஞ்சத்தால் நொந்த மக்களைக் கொண்டு வெட்டப்பட்டது. இப்பொழுது அதன் நீர்ப்பரப்பிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றி நிற்கின்றன. ஆறு பெருகி, முகத்துவாரத்தின் மணல்திட்டு நீரை மறித்து, கடலும் ஏற்றத்தில் இருக்கும் வேளையில், கால்வாய் தன் நீரை ஆற்றில் விடமுடியாமல் தேக்கிவைத்துக்கொள்ளும். அப்பொழுது ஆற்றங்கரையைக் கண்ணாலும் காணாத தெருவுக்கு நீர் கால்வாய் வழியாகவும் மழைநீர் வடிகால் வழியாகவும் பின்புறமாக வந்து சேர்கிறது. அத்தெருவாசி தம்மைக் கரையோரத்தவராக ஏன் எண்ணவேண்டும்? கோட்டூர்புரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் தரைத்தளங்கள் மூழ்கிய அதே இரவில், சிறிது தொலைவிலிருந்த மந்தைவெளிவாசிகள் தாம் தாழ்ந்த இடத்தில் இருக்கிறோமா உயர்ந்த இடத்தில் இருக்கிறோமா என்பதை அயல்வீட்டாரைக் கேட்டே தீர்மானிக்கவேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தாழ்வு என்பது இவ்வூரில் நிலையான குணமன்று. பழைய வீடுகள் தெருவிலிருந்து மூன்று நான்கு படிகள் ஏறித் திண்ணையை அடையும்படி கட்டப்பட்டவை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்ததால், படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய், இப்பொழுது சில வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே இறங்கித்தான் போகவேண்டியிருக்கிறது. தந்தையின் காலத்தில் தண்ணீர் ஏறாத வீடு என்ற அனுபவ அறிவு மகனின் காலத்தில் பொய்த்துப்போவதற்கு மகனுடைய அஜாக்கிரதை காரணமாகாது. வினாத்தாள்களில் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசம் கேட்கப்படுவதில்லை. டார்ச் விளக்கு கேட்கப்படுகிறது.

'பாதுகாப்பான இடம்' பற்றி விரிக்க வேண்டியதில்லை. அது எங்கே என்று சொல்லாத வாக்கியம் அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கேட்பவர் தலையில் வைத்துவிடுகிறது.

வீட்டுக்குள் நிகழ்வதை அருகிலிருந்து நோக்கினால், வேண்டியது எத்தகைய அறிவு என்பது பிரத்தியட்சமாகும். தரைத்தள வீட்டில் வெள்ளம் வாசல் வழியாக முதலில் வருவதில்லை. பாதாளச் சாக்கடை நிறைந்து, குளியலறைத் துவாரத்தில் குமிழியிட்டுக் கறுப்பு நீர் மேலெழும். அடுத்து வெளியே சம்ப் மூடியின் விளிம்பில் தெருநீர் கசிந்து குடிநீரில் கலக்கும். அதன்பின் படிக்கட்டின் அடியிலுள்ள மீட்டர் பெட்டிக்கு ஆபத்து. ஆகவே இல்லத்தரசி செய்யவேண்டியவை மிகத் தெளிவான வரிசையுடையவை: துவாரத்தை மூடுதல், சம்ப் கலங்குமுன் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்புதல், மெயினை அணைத்தல், சிலிண்டரைக் கழற்றி உயரத்தில் கட்டுதல், பத்திரங்களைப் பரணில் ஏற்றுதல், முதியோரை மாடிக்கு அனுப்புதல். மாடி வீட்டாருடன் பேச்சு வார்த்தை இருக்கிறதா என்பதையும் இவ்வரிசையில் சேர்க்கவேண்டும். அது எந்தப் பெட்டியிலும் சேமித்துவைக்கக்கூடியதன்று. இவற்றுக்கு இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரம் எப்பொழுது தொடங்குகிறது என்பதைத்தான் கன அடி சொல்வதில்லை. தெருவில் மின்சாரம் போனபின் அதையும் சொல்லத் தொலைக்காட்சி இல்லை.

2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இவ்வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று கொண்டது. அதைத் தொடர்ந்த விவாதமெல்லாம் மதகு உரிய நேரத்தில் திறக்கப்பட்டதா என்பதிலேயே நின்றுவிட்டது. அது முக்கியமான விவகாரமே. எனினும், மதகு மிகச் சரியான நாழிகையில் திறக்கப்பட்டிருந்தாலும், செய்தி இதே வாக்கியமாக வந்திருக்குமாயின் மந்தைவெளியின் கிருகஸ்தருக்கு அதனால் கிட்டியிருக்கக்கூடிய நன்மை சொற்பமே என்பதை இரு கட்சியினரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜனங்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை என்பது வழக்கமான ஆக்ஷேபம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபொழுது அரசின் எச்சரிக்கை எதுவும் இல்லை. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாதில் இயங்கத் தொடங்கியதே 2007-இல்தான். அன்று எச்சரிக்கை கிடைத்த ஓர் ஊரை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் செய்தி கேட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, ஊரார் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை முழங்க, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். அவர்கள் வீடுகளில் முதலுதவிப் பெட்டி இருந்ததா என்று கேட்பதில் பொருளில்லை. சொன்னவர் ஊரை அறிந்தவர்; கேட்டவர் குரலை அறிந்தவர்; செய்தியில் அளவு இல்லை, செயல் மட்டும் இருந்தது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும் இத்தகையதே: பத்தாம் எண் என்றால் இந்தத் துறைமுகத்துக்கே பேரபாயம் என்று பொருள், காற்றின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும் வேலை மீனவருக்கு இல்லை.

இக்குறை நீங்கிவிட்டது, 2019 முதல் சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறை வார்டுவாரியாக நீர் நிற்கும் அளவைக் கணித்துத் தருகிறதே என்பர். கணிப்பு அதிகாரிகளின் திரையில் இருக்கிறது, தெருவில் இல்லை. தெருவுக்கு அதைக் கொண்டுவர வேண்டியது அரிய தொழில்நுட்பம் அன்று. ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து கால்வாய்க் கரை வரையுள்ள ஒவ்வொரு தெருமுனையிலும் மின்பெட்டிச் சுவரிலோ ரேஷன் கடைச் சுவரிலோ கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரக்கோடுகளை வரைந்து, முன்னறிவிப்பை அக்கோட்டின் எண்ணாலும் எட்டக்கூடிய மணியாலும் சொல்லவேண்டும். தத்தம் வாசற்படி, சம்ப் மூடி, மீட்டர் பெட்டி ஆகியவை எந்தக் கோட்டுக்கு நேர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் ஐப்பசிக்கு முன் ஒரு முறை குறித்துக்கொள்ளலாம். சாலையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் கோடுகள் அசையாமல் நிற்கவேண்டுமாதலால், அவற்றைத் தார்ச்சாலையிலிருந்து அளக்கக் கூடாது. அன்றைய கடலேற்றம் எத்தனை மணிக்கு என்பதும் அதே அறிவிப்பில் இடம்பெறவேண்டும், ஏனெனில் கால்வாய் வடியுமா தேங்குமா என்பது அந்த மணியைப் பொறுத்தது.