மிதப்பு என்றொரு பட்டம்

'ஆளு ஒரே மிதப்புல இருக்கான்' என்போமே, ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்மக்'. 16ஆம் நூற்றாண்டில் அது வசவே அல்ல. நறுவிசாக உடுத்தியவனைக் குறித்த சொல். ஜெர்மனில் 'ஷ்முக்' என்றால் இன்றும் நகைதான்.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், அந்தோனியோவின் கப்பல் மூழ்கிய செய்தி வந்ததும், சந்தைக்கு எப்படிப் பளிச்சென்று வருவான் என்று ஷைலக் பொருமுகிறான். அங்கே அவன் வாயில் வருவது இந்தச் சொல்தான். அகராதிப்படி உடை நேர்த்தி. சொல்பவனோ, அதே அந்தோனியோ தாடியில் காறித் துப்பியவன். கசப்பு அங்கேயே ஏறிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

18ஆம் நூற்றாண்டில் சொல் உடையைவிட்டு முகத்துக்கு வந்தது. 'நான் ஸ்மக்' என்று எவனும் சொல்லிக்கொள்வதில்லை. அது எதிரே நிற்பவன் தரும் பட்டம். அதைக் கேட்டால், யாரைச் சொன்னார்கள் என்பதோடு, சொன்னவர் என்ன பட்டார் என்றும் கேட்கிறேன்.