லெக்சஸ்: உரிமையாளர் மனநிறைவில் எழுந்த ஒரு பெயர்

லெக்சஸ் ஜப்பானில் தயாராகி, அமெரிக்கச் சாலைகளுக்காகவே உருவான கார். டொயோட்டா நிறுவனம் அந்தப் பெயரில் முதல் கார்களை 1989 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. அதே பெயர் பொறித்த காரை வாங்க ஜப்பானியர்கள் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆடம்பரக் கார் என்றால் மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ, காடிலாக் என்றிருந்த சந்தையில், பரம்பரைப் பெருமையோ பந்தயக் கோப்பைகளோ இல்லாத புதுப்பெயர் ஒன்று இரண்டே ஆண்டுகளில் முன்வரிசைக்கு வந்தது. வாங்கியவர்கள் மனநிறைவு அடைந்ததும், அதை மற்றவர்களிடம் எடுத்துச் சொன்னதுமே அதற்கு முதற்காரணம். அந்த மனநிறைவு தற்செயலாக வாய்த்ததல்ல. கார் வரைபடமாக இருந்த காலத்திலேயே அதற்கான வேலை தொடங்கிவிட்டது.

டொயோட்டாவுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் அனுபவம் கசப்பானது. 1957இல் கலிபோர்னியாவில் விற்பனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, டொயோபெட் கிரவுன் என்ற காரை அங்கே இறக்கியது. ஜப்பானின் கரடுமுரடான சாலைகளில் மெதுவாக ஓடுவதற்கென்று செய்த கார் அது. அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்தில் அதன் உடல் அதிர்ந்தது, இன்ஜின் சூடேறியது. முதல் ஆண்டில் முந்நூறு கார்கள்கூட விற்கவில்லை. சில ஆண்டுகளில் இறக்குமதியே நின்றுபோனது. 1960களின் நடுவில் கொரோனா, பிறகு கொரோலா என்று சிறிய கார்களோடு திரும்பிய நிறுவனம், 1975இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் வெளிநாட்டுப் பெயராகிவிட்டது. விலை குறைவு, பழுது குறைவு, எரிபொருள் சிக்கனம் என்ற மூன்றும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. கையில் காசு சேர்ந்ததும் பெரிய காருக்கு மாற நினைத்த கொரோலாக்காரருக்கு மட்டும் டொயோட்டாவிடம் காட்ட எதுவும் இல்லை. அவர் ஐரோப்பியக் கார்களின் பக்கம் போனார்.

அரசியலும் அதே திசையில் தள்ளியது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் நலிந்திருந்த 1981இல், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்கு வரம்பு விழுந்தால், ஒவ்வொரு காரிலும் கிடைக்கும் லாபத்தைக் கூட்டுவதுதான் வழி. ஹோண்டா இதை முதலில் செயலாக்கி, 1986 மார்ச்சில் அக்யூரா என்ற தனிப்பெயரை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. நிஸானின் இன்ஃபினிட்டி 1989 நவம்பரில் வந்தது. மூன்று நிறுவனங்களும் ஒரே கணக்கைத்தான் போட்டன. ஆனால் டொயோட்டாவைப் போல நெடுங்காலத்தையும் பெரும்பணத்தையும் ஒரே காரில் கொட்டத் துணிந்தவர்கள் மற்ற இருவரும் அல்ல.

அந்தத் துணிவின் தொடக்கம் 1983 ஆகஸ்டில் நடந்த ஒரு ரகசியக் கூட்டம். நிறுவனத் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் மிகச் சிறந்த காருக்கு ஈடாக நம்மால் ஒன்றைச் செய்ய முடியுமா என்று தம் அதிகாரிகளிடம் கேட்டார். எஃப்1 என்ற மறைபெயரில் பணி தொடங்கியது. சுமார் 1,400 பொறியாளர்களும் 2,300 தொழில்நுட்பப் பணியாளர்களும் அதில் ஈடுபட்டனர். ஏறத்தாழ 450 முன்மாதிரிக் கார்கள் செய்யப்பட்டன. செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. 1985இல் வடிவமைப்பாளர் குழு ஒன்று கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் தங்கி, வசதி படைத்த அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று கவனித்தது.

பொறியியல் பொறுப்பை ஏற்ற இச்சிரோ சுசுகி வைத்த இலக்குகள் ஒன்றோடொன்று முட்டுபவை. கார் மணிக்கு 250 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆனால் அமெரிக்காவில் கேலனுக்கு 22.5 மைலுக்குக் குறைவாக ஓடும் கார்களுக்கு விதிக்கப்படும் தனி வரியில் அது மாட்டக் கூடாது. வேகத்துக்குப் பெரிய இன்ஜின் வேண்டும், சிக்கனத்துக்கோ எடை குறைய வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் உள்ளே கேட்கும் ஓசை 58 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் அவர் சொன்னார். ஓசையை அடக்க அன்றைய எளிய வழி, கனமான தடுப்புப் பொருள்களைக் கதவிலும் தரையிலும் திணிப்பது. அப்படிச் செய்தால் எடை கூடி மற்ற இலக்குகள் கைநழுவும். ஆகவே ஓசையை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இன்ஜின் பாகங்கள் வழக்கத்தைவிட நுணுக்கமான அளவில் கடையப்பட்டன. இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு கூடுமானவரை நேர்கோட்டில் அமைக்கப்பட்டது. இரு எஃகுத் தகடுகளுக்கு நடுவே பிசின் வைத்த தகடு பயன்பட்டது. காற்றின் எதிர்ப்பைக் குறிக்கும் எண் 0.29 ஆக இறங்கியது; அக்காலப் பெரிய கார்களில் இது அரிது. ஆயிச்சி மாகாணத்துத் தஹாரா ஆலையில் இந்தக் கார் உற்பத்திக்கு வந்தபோது, எட்டு சிலிண்டர் கொண்ட 4 லிட்டர் இன்ஜின் 250 குதிரைத்திறன் தந்தது, வரியும் விழவில்லை. பாகங்கள் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தினால் தேய்மானமும் குறையும். பின்னாளில் உரிமையாளர்கள் மெச்சிய நீண்ட ஆயுள், ஓசைக்கு எதிரான இந்தப் போராட்டத்தின் மறுபக்கம் என்றே கொள்ள வேண்டும்.

பெயர் வைப்பதற்கு ஒரு நிறுவனம் 219 பெயர்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தது. அவற்றில் ஒன்றான அலெக்சிஸ் உருமாறி லெக்சஸ் ஆனது. லெக்சிஸ் என்ற சட்டத் தகவல் சேவையை நடத்திய மீட் டேட்டா சென்ட்ரல் வழக்குத் தொடுத்து, 1988 டிசம்பரில் தடையும் பெற்றது. சட்டத் தகவல் தேடுபவர் காரோடு குழம்ப மாட்டார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989 மார்ச்சில் தடையை நீக்கியது.

எல்.எஸ். 400 என்ற அந்தக் கார் 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மேடையேறியது. அறிவிக்கப்பட்ட அடிப்படை விலை 35,000 டாலர். அதற்கு இணையாகக் கருதப்பட்ட ஜெர்மன் கார்களின் விலையில் இது பாதியை ஒட்டி இருந்தது. அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஐரோப்பாவிலிருந்து எழுந்தது. அக்காலத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், காரின் பானட்மேல் ஷாம்பெய்ன் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின்மேல் சக்கரங்களை மணிக்கு 233 கிலோமீட்டர் வேகம் வரை சுழலவிட்டார்கள். ஒரு கோப்பையும் சரியவில்லை.

விற்பனை தொடங்கி மூன்று மாதம்கூட முடியவில்லை; சோதனை வந்தது. ஒருவருக்கு நடுவிலுள்ள பிரேக் விளக்கு சூடேறி அதன் பிளாஸ்டிக் உறை உருக்குலைந்தது. இன்னொருவருக்கு, வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் விடுபட மறுத்தது. புகார்கள் இவ்வளவே, யாருக்கும் காயமில்லை. ஆனால் தரத்தை மட்டுமே நம்பிக் கடை விரித்த புதுப்பெயருக்கு அவை போதுமான ஆபத்து. 1989 டிசம்பர் 1 அன்று, அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்பப் பெற்றுச் சரிசெய்வதாக நிறுவனம் அறிவித்தது.

வழக்கமாக இத்தகைய அறிவிப்பு தபாலில் வரும். உரிமையாளர் நேரம் ஒதுக்கிக் காரைக் கொண்டுபோய் விட்டு, வேறு வண்டி பிடித்து வீடு திரும்புவார். லெக்சஸ் அந்த அலைச்சலைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. முகவர்கள் ஒவ்வொரு உரிமையாளரையும் தொலைபேசியில் அழைத்தனர். பணியாளர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வந்து காரை எடுத்துப்போனார், மாற்றுக் கார் கொடுத்தார். முகவர் இல்லாத ஊர்களுக்கு மெக்கானிக்குகள் விமானத்தில் போய், கராஜ் வாடகைக்கு எடுத்து வேலை செய்தனர். திரும்பி வந்த கார் கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பப்பட்டிருந்தது. 20 நாளில் எல்லாக் கார்களும் சரிசெய்யப்பட்டன. பழுது எந்தக் காருக்கும் வரும் என்பது கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தம்மை யாரும் அலைக்கழிக்கவில்லை என்பதுதான் அவர்கள் மனத்தில் பதிந்தது. லெக்சஸ் மீதான நம்பிக்கை உண்மையில் உறுதிப்பட்டது இந்த 20 நாளில்தான். பழுதே வராமல் போயிருந்தால் இவ்வளவு ஆழமாக அது வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே. வணிகக் கல்லூரிகளில் இன்றும் இந்த நிகழ்வு பாடமாக நடத்தப்படுகிறது.

இத்தகைய சேவைக்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 1987 ஆகஸ்டில் எழுதப்பட்ட லெக்சஸ் உடன்படிக்கை, வாங்க வருபவரை வீட்டுக்கு வந்த விருந்தினராக நடத்துமாறு முகவர்களைக் கேட்டது. விண்ணப்பித்த முகவர்களில் மிகச் சிலரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். டொயோட்டா ஷோரூமின் ஒரு மூலையில் அல்லாமல் தனிக் கட்டடத்தில் விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அக்கால அமெரிக்காவில் கார் விற்பனையாளர் என்றாலே மக்களுக்கு இருந்த அவநம்பிக்கையை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் மதிப்பு புரியும்.

மனநிறைவை அளக்கவும் அப்போது ஒரு கருவி கிடைத்திருந்தது. ஜே.டி. பவர் 1968இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆய்வு நிறுவனம், கார் வாங்கியவர்களிடம் நேரடியாகக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கியது. வாங்கிய முதல் 90 நாளில் 100 கார்களுக்கு எத்தனை குறைகள் சொல்லப்பட்டன என்று ஓர் ஆய்வு எண்ணும். சில ஆண்டு ஓடிய கார்களின் குறைகளை இன்னோர் ஆய்வு எண்ணும். முகவரின் சேவையைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். 1990களின் தொடக்கத்திலேயே தரம், சேவை, விற்பனை அனுபவம் ஆகியவற்றில் லெக்சஸ் தலைமையிடம் பெற்றது. நம்பகத்தன்மை ஆய்வில் 1995 முதல் 2008 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். குறை இல்லை என்று சொல்வதும், அந்தக் காரை நேசிக்கிறேன் என்று சொல்வதும் ஒன்றல்ல. லெக்சஸின் வெற்றி பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது.

விற்பனையும் கூடவே உயர்ந்தது. 1990இல் சுமார் 63,500 கார்கள். 1991இல் 71,000க்கும் மேல். அந்த ஆண்டே மெர்சிடிஸையும் பி.எம்.டபிள்யூவையும் தாண்டி அமெரிக்காவில் அதிகம் விற்கும் இறக்குமதி ஆடம்பரக் காரானது. பிறகு யென்னின் மதிப்பு ஏறியது. 1995 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 80 யென்கூடக் கிடைக்காத நிலை வந்தது, எல்.எஸ். விலை 50,000 டாலரைக் கடந்தது. அதே ஆண்டு மே மாதம், 13 ஜப்பானிய ஆடம்பரக் கார்கள்மீது நூறு சதவீத வரி போடப்போவதாக அமெரிக்க அரசு மிரட்டியது. ஜூன் 28இல் உடன்பாடு ஏற்பட்டு வரி தவிர்க்கப்பட்டது. விலை ஏறிய காலத்தில் கைகொடுத்தது 1998இல் வந்த ஆர்.எக்ஸ். 300. உயரமான உடலையும் காரின் மென்மையான ஓட்டத்தையும் ஒன்றாக்கிய இந்த வண்டி குடும்பங்களுக்குப் பிடித்துப்போனது. 2003இல் கனடாவின் கேம்பிரிட்ஜ் ஆலையில் அதன் உற்பத்தி தொடங்கியது. ஜப்பானுக்கு வெளியே லெக்சஸ் தயாரானது அதுவே முதல் முறை. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஆடம்பரக் கார் விற்பனையில் லெக்சஸே முதலிடம்.

ஜப்பானில் கதை வேறு. எல்.எஸ். அங்கே டொயோட்டா செல்சியர் என்ற பெயரில் 1989 முதல் ஓடிக்கொண்டிருந்தது. 2005இல் லெக்சஸ் என்ற பெயர் அங்கே அறிமுகமாகி விலையும் ஏறியபோது, அதே காருக்கு ஏன் கூடுதல் பணம் என்ற கேள்வி வாங்குவோரிடம் எழுந்தது. அமெரிக்காவில் முதல் நாளிலிருந்தே இருந்த தனிமதிப்பை அங்கே மெல்ல மெல்லத்தான் சேர்க்க முடிந்தது.

2009 ஆகஸ்ட் 28 லெக்சஸ் வரலாற்றின் இருண்ட நாள். கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே, சர்வீஸுக்கு விட்ட காருக்கு மாற்றாக முகவர் கொடுத்த ஈ.எஸ். 350 கட்டுக்கடங்காமல் ஓடி மோதியதில் நால்வர் இறந்தனர். வேறு மாடலுக்குரிய தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் மிதி சிக்கிக்கொண்டதாக விசாரணையில் தெரிந்தது. அடுத்த மாதமே சுமார் 38 லட்சம் டொயோட்டா, லெக்சஸ் கார்களுக்குத் தரைவிரிப்பு எச்சரிக்கை போனது. 2010 பிப்ரவரியில் டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் வளர்ந்த வேகம் அளவுக்கு மீறிவிட்டது என்றும் ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறு எதுவும் இல்லை என்று நாசா பொறியாளர்கள் உதவிய ஆய்வு 2011இல் சொன்னது. ஆயினும் குறைகளைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக 2014இல் நிறுவனம் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. 1989இல் இரண்டு புகார்களுக்கு 20 நாளில் பதில் சொன்ன நிறுவனம் இதே நிறுவனம்தான் என்பது, லெக்சஸை நம்பியவர்களுக்கு வேதனையளித்த உண்மை.

இன்னொரு குறை மென்மையானது, ஆனால் நீண்டகாலமாகச் சொல்லப்பட்டது: கார் நன்றாக இருக்கிறது, ஆனால் உயிர்ப்பில்லை. 2011இல் பெபிள் பீச் கார் விழாவுக்குச் சென்ற அகியோ டொயோடா, லெக்சஸ் சலிப்பூட்டுகிறது என்ற பேச்சை நேரில் கேட்டார். அதன்பின் கார்களின் முன்முகம் கதிர்க்கோல் வடிவக் கிரில்லோடு கூர்மையானது. பழைய உரிமையாளர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, புதியவர்கள் சிலர் அதற்காகவே வந்தார்கள்.

இந்தியாவுக்கு லெக்சஸ் 2017 மார்ச்சில் வந்தது. 2020இல் ஈ.எஸ். 300எச் கர்நாடகத்தின் பிடதியில் தயாராகத் தொடங்கியது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் எல்.எஸ். 400 ஒன்று 2017இல் பத்து லட்சம் மைலைக் கடந்தது. 2025இன் ஜே.டி. பவர் நம்பகத்தன்மை ஆய்விலும் லெக்சஸே முதலிடம். மூன்று ஆண்டு ஓடிய 100 கார்களுக்கு 140 குறைகள், எல்லா நிறுவனங்களின் சராசரி 202. ஆனால் இன்று உரிமையாளர்கள் எழுதி அனுப்பும் குறைகளில் பெரும்பங்கு இன்ஜினையோ கியரையோ பற்றியதல்ல. தொடுதிரை, கைபேசி இணைப்பு, மென்பொருள் பற்றியவை. இச்சிரோ சுசுகியின் குழு நுணுக்கமாகக் கடைந்து தீர்த்த சிக்கல்களின் இடத்தை இவை பிடித்துள்ளன.