பாடியே மீண்ட நாடு

விடுதலைப் போராட்டம் என்றதும் துப்பாக்கி, சிறை, உண்ணாவிரதம் இவைதான் நம் நினைவுக்கு வரும். பாட்டை முன்னிறுத்திப் போராடி விடுதலையை மீட்ட நாடும் ஒன்று உண்டு. அதுதான் பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்டோனியா.

1918-இல் விடுதலையை அறிவித்த இந்தச் சின்ன நாட்டை 1940-இல் சோவியத் யூனியன் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1949 மார்ச்சில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் சைபீரியப் பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். நீலம், கறுப்பு, வெள்ளை நிறக் கொடிக்குத் தடை. ஆனால் 1869-இல் தொடங்கிய பாட்டு விழாவைச் சோவியத் அரசு நிறுத்தவில்லை. தன் புகழ் பாடும் பாடல்களைப் புகுத்தி, அதைத் தன் மேடையாக்கப் பார்த்தது. 1950-இல் விழாவின் முக்கிய நடத்துநர்கள் மூவர் கைது செய்யப்பட்டார்கள்.

முதல் விழாவில் பாடப்பட்டது லிடியா கொய்டுலா எழுதிய தாய்நாட்டுக் கவிதை. அதற்கு 1944-இல் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் புது மெட்டு அமைத்தார். 1960 விழாவின் முடிவில், நிரலில் இல்லாத அந்தப் பாடலை மக்கள் தாங்களாகவே பாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது யாரைக் கைது செய்வது?

1988-இல் இளைஞர்களின் முறை வந்தது. ஆலோ மத்தீசன் பழைய தேசப் பாடல்களின் வரிகளை ராக் இசையில் கலந்து 5 பாடல்கள் அமைத்தார். அந்த ஜூன் மாதம் தலைநகர் தாலினின் விழா மைதானத்தில் மக்கள் இரவிரவாகப் பாடினார்கள். மறைத்து வைத்திருந்த கொடிகள் வெளியே வந்தன. அதைப் பார்த்த கேலிச்சித்திர ஓவியர் ஹெய்ன்ஸ் வால்க், 'பாடும் புரட்சி' என்று கட்டுரை எழுதினார். அந்தப் பெயரே நிலைத்தது. செப்டம்பர் 11 அன்று அதே மைதானத்தில் கூடியவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 15 லட்சத்துக்குச் சற்று அதிகம்தான்!

பாட்டு மட்டுமே விடுதலை தந்தது என்று சொல்லிவிட முடியாது. கோர்பச்சேவின் சீர்திருத்தங்கள் கதவைக் கொஞ்சம் திறந்திருந்தன. சோவியத் யூனியனும் தளர்ந்திருந்தது. ஆனால் பயத்தைப் போக்கியது பாட்டுதான். 1989 ஆகஸ்ட் 23 அன்று மூன்று பால்டிக் நாட்டு மக்கள் 600 கிலோமீட்டருக்கும் மேல் கைகோத்து நின்றார்கள். 1991 ஆகஸ்டில் பீரங்கி வண்டிகள் நாட்டுக்குள் வந்தபோதும் மக்கள் பின்வாங்கவில்லை. ஆகஸ்ட் 20 அன்று எஸ்டோனியா மீண்டும் விடுதலையை அறிவித்தது. உயிர்ப்பலி இல்லை.

கொடியைப் பறிக்கலாம், மேடையைக்கூடப் பறிக்கலாம். மனப்பாடமான பாட்டை எப்படிப் பறிப்பது?